இருவரும் ஒருவரா?

கௌசல்யாவுக்குப் பதினோரு வருடமாக ஒரே வேலை. கேளொலி அறக்கட்டளைக்கு இணையத்தில் யாராவது நன்கொடை அனுப்பினால் அந்தச் செய்தி இடப்பக்கத் திரையில் வரும். அனுப்பியவரின் பெயர், பிறந்த தேதி, ஊர், கைபேசி எண் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து, வலப்பக்கத் திரையில் இருக்கும் நன்கொடையாளர் பதிவேட்டில் ஏற்றுவாள். இரண்டு திரைக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் அவளுடைய விரல்கள்தான். காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி வாங்கித் தருகிற அறக்கட்டளை அது. கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது.

2041 ஆகஸ்டில் அந்தப் பாலத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. அறக்கட்டளையை நடத்தும் டாக்டர் எஸ்தர் இரண்டு திரைகளையும் இணைத்துவிட ஏற்பாடு செய்துவிட்டார்.

"இனிமே பணம் வந்ததும் பேரு தானாப் போய்ப் பதிவேட்டுல உட்கார்ந்துக்கும் கௌசல்யா."

"அப்ப நான் என்ன பண்ணட்டும் டாக்டர்?"

"அது கேள்வி கேக்கும். நீ பதில் சொல்லு. ஆனா பாத்துச் சொல்லு. நம்ம பதிவேடு இப்ப அரசாங்கத்தோட ஆட்பதிவேட்டுலயும் சேந்துடுச்சு. நாம ஒருத்தர்னு சொன்னா அவங்களுக்கும் ஒருத்தர்தான்."

அது அந்தக் காலத்துச் சட்டம். நாட்டில் நடமாடுகிற ஆட்களைவிடப் பதிவேட்டில் இருக்கிற ஆட்கள் ஏழு கோடி அதிகம் என்று ஒருநாள் கண்டுபிடித்து, போலி ஆட்களைக் களையெடுக்க 'ஒருவர் ஒருமுறை' என்று ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம், வங்கி, அறக்கட்டளை என்று எந்தப் பதிவேட்டில் யார் இரட்டையாகத் தெரிந்தாலும், கண்டவர்கள் ஒன்றாக்கிவிடலாம். ஒன்றாக்கினால் பாராட்டுச் சான்றிதழ்கூட வரும்.

இணைப்பு முடிந்த முதல் வாரத்தில் அது நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டது. எல்லாமே ஒரே கேள்விதான். இரண்டு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து, 'இருவரும் ஒருவரா?' என்று கேட்கும். ஜெயலட்சுமியும் ஜெயலக்ஷ்மியும் ஒருவர்தான், ஆம். ஒரே முகவரியில் இருந்த இரண்டு எம். ராஜப்பாக்கள் பெரியப்பாவும் தம்பி மகனும், இல்லை. கௌசல்யா ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துத்தான் அழுத்தினாள்.

கடைசிக் கேள்வி ந. தண்டபாணி. இரண்டு பேருக்கும் பிறந்த தேதி 1983 ஜூன் 14. இரண்டு பேரும் அனுப்பிய நாள் ஒன்று, தொகையும் ஒன்று. கைபேசி எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் ஒன்றில் மூன்று, மற்றதில் எட்டு. ஊரை இரண்டு பேருமே எழுதவில்லை. மூன்றும் எட்டும் திரையில் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் கௌசல்யா மூன்றில் முடியும் எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"தண்டபாணி சாருங்களா? ஜூன் பதினாலு பொறந்த நாளுங்களா? கேளொலிக்கு நன்கொடை அனுப்பினீங்களா?"

"ஆமாங்க அம்மணி. நானேதானுங்க அனுப்புனேன்."

எட்டையும் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அதை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். அப்போது தோன்றவில்லை. அவரேதான் என்று அவரே சொல்லிவிட்ட பிறகு வேறு யாரைக் கேட்பது? 'ஆம்' அழுத்தினாள். 'ஒரு போலி ஆள் நீக்கப்பட்டார். நாட்டின் சார்பில் நன்றி' என்று திரை சொன்னது.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், நெடுநெடுவென்று ஒல்லியான ஒரு மனிதர் அலுவலகப் படியேறி வந்தார். சட்டையெல்லாம் புழுதி. நேராகக் கௌசல்யாவின் மேஜைக்கு வந்து, கீழே பல் மருத்துவமனைக்கும் கேட்கும்படியான குரலில் கேட்டார்.

"நான் யாருன்னு நீயே சொல்லு மக்ளே!"

"உக்காருங்க சார். நீங்க யாரு?"

"அதத்தான் ஒன்ட்ட கேக்கேன்!"

ஒரு தம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் விஷயம் வரிசையாக வந்தது. பெயர் தண்டபாணி. ஊர் வள்ளியூர். பணகுடிப் பக்கம் காற்றாலைகளில் முப்பத்திரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்து, அந்த இரைச்சலில் காது பாதி போனவர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் பால் வாங்கிவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்றிருக்கிறார். கதவு முகத்தைப் பார்த்துத் திறக்கிற கதவு. திறக்கவில்லை.

"'நீங்கள் ஏற்கெனவே பொள்ளாச்சியில் உங்கள் வீட்டில் இருக்கிறீர்கள்'னு எழுதிக் காட்டுது மக்ளே. நான் பொள்ளாச்சிய கண்ணால கண்டது கிடையாது! ரயில்ல வரலாம்னு போனா, 'நீங்கள் இப்போது கட்டிலில் படுத்திருக்கிறீர்கள், பயணம் செய்ய இயலாது'ங்கு. கடைசில எனக்குத் தெரிஞ்ச பய ஒருத்தன், காத்தாடி எறக்கை ஏத்திக்கிட்டு வந்த லாரியில ஏத்திவிட்டான். நூத்தம்பது அடி எறக்கை. அதுக்கு மேல உக்காந்து வந்திருக்கேன். இந்த எழவெல்லாம் எங்கன இருந்து வந்ததுன்னு ஒருத்தன்ட்ட தட்டிப் பாக்கச் சொன்னா, ஒங்க ஆபீஸ் பேரு வருது."

கௌசல்யா திரையைத் திறந்து பார்த்தாள். ந. தண்டபாணி, ஒருவர்.

"ஒங்க நம்பர் எட்டுல முடியுதுங்களா?"

"சத்தமாச் சொல்லு!"

"எட்டா?"

"எட்டுதான். ஏன், எட்டுக்கு என்ன?"

அவள் மூன்றில் முடியும் எண்ணைக் கூப்பிட்டாள். மெத்தென்ற அந்தப் பழைய குரல் எடுத்தது.

"நானே உங்களப் பாக்க வரலாம்னுதான் கெளம்புனனுங்க அம்மணி. பஸ்ஸுல ஏத்த மாட்டேங்கறாங்க. நான் இப்பக் கோயமுத்தூருல யாரோ ஒரு அம்மணிகிட்டப் பேசிட்டு இருக்கறதாச் சொல்றாங்க. என்னங்க இது?"

டாக்டர் எஸ்தர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்தார். மூவரும் பொள்ளாச்சிக்குப் போனார்கள்.

பொள்ளாச்சித் தண்டபாணி தேங்காய் வியாபாரி. குட்டையாக, உருண்டையாக, மூச்சு வாங்க வாசலுக்கு வந்தார். இரண்டு தண்டபாணிகளும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டார்கள். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரு சாயல்கூட இல்லை. பொள்ளாச்சிக்காரரின் மனைவி சுகந்தி இருவரையும் பார்த்துவிட்டு, கௌசல்யாவைப் பார்த்தார்.

"இவிய ரெண்டு பேரையும் ஒண்ணுன்னு சொன்னது நீதானா கண்ணு?"

"நான்தாங்க."

"கண்ணாடி போட்டுக்கோ."

உள்ளே உட்கார்ந்து பேசியபோதுதான் விபரீதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தது. பொள்ளாச்சிக்காரருக்குச் சர்க்கரை ஏகத்துக்கும் அதிகம். இதயத்தில் இரண்டு அடைப்பு. மறு வாரம் வியாழக்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. வள்ளியூர்க்காரருக்கோ காதைத் தவிர ஒரு குறையும் கிடையாது. மருத்துவமனைக் கணினி இருவரின் பரிசோதனைகளையும் ஒரே ஆளுடையவை என்று எடுத்துக்கொண்டு, கூட்டி இரண்டால் வகுத்துவிட்டது.

"வகுத்துப் பாத்தா நான் நார்மலுங்களாமா," என்றார் பொள்ளாச்சிக்காரர். "அடைப்பு ஒண்ணுதானாம், அதும் பாதியாம். ஆபரேஷன் தேவையில்லைன்னு ரத்துப் பண்ணிப்போட்டாங்க. டாக்டரு நேர்ல பாத்து, 'உங்களுக்கு மூச்சு வாங்குதே'ங்கறாரு. ஆனா கம்ப்யூட்டரு கதவத் தொறந்தாத்தான அவரு கத்தியத் தொட முடியும்?"

"எனக்கு மூச்சு வாங்கல. ஒமக்கு வாங்குது. அதுல எனக்கும் பாதியக் குடுத்துட்டான் பாத்தியளா," என்றார் வள்ளியூர்க்காரர்.

"உங்க காதுல பாதி எனக்கு வந்துருச்சுங்க. காதுக் கருவி வாங்கிக்கங்கன்னு நாளைக்கு மூணு மெசேஜ் வருது."

அன்றிலிருந்து வள்ளியூர்க்காரர் அந்த வீட்டிலேயே தங்கினார். வேறு வழியில்லை. ஒருவர் இரண்டு இடத்தில் இருப்பதைத்தான் பதிவேடு பொறுக்காதே தவிர, இரண்டு பேர் ஒரே இடத்தில் இருப்பதை அது கண்டுகொள்வதில்லை. இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போனால் பேருந்து ஏற்றிக்கொண்டது. சீட்டு ஒன்றுதான், இருக்கையும் ஒன்றுதான். பாதித் தூரம் ஒருவர், மீதித் தூரம் மற்றவர் என்று உட்கார்ந்தார்கள். ரேஷன் அரிசி ஒரு ஆளுக்கு வந்தது. சுகந்தி மூன்று பேருக்குச் சமைத்தார்.

"ஒரு புருசன வெச்சுக்கிட்டே இத்தனை வருசம் படாத பாடு பட்டுட்டேன்," என்று அவர் கௌசல்யாவிடம் தொலைபேசியில் சொன்னார். "இன்னொன்னு சத்தமா வேற பேசுது. ஆனா குடிச்ச தம்ளரக் கழுவி வெக்குது கண்ணு. அதுலதான் வித்தியாசம் தெரியுது."

கௌசல்யா ஒவ்வொரு நாளும் ஆட்பதிவு அலுவலகத்துக்குப் போனாள். நாலாம் நாள்தான் ஹபீபுல்லா என்கிற உதவி அலுவலரைப் பார்க்க முடிந்தது. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற, எதற்கும் பதறாத மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்து இரண்டு கோடுகள் வரைந்தார்.

"ரெண்டை ஒண்ணாக்குறது சுலபம்மா. அது போலியை ஒழிக்கிற வேலை. ஒண்ணை ரெண்டாக்குனா? இல்லாத ஒரு ஆளை உருவாக்குற வேலை. ஏழு வருஷம் ஜெயில். அதனால திரையில அதுக்குப் பொத்தானே வைக்கலை."

"ஆனா ரெண்டு பேரும் இருக்காங்களே சார். நேர்ல கூட்டிட்டு வரட்டுமா?"

"கூட்டிட்டு வந்தா ஒருத்தர்தான் உள்ள வரமுடியும். எங்க வாசக் கதவு அப்படி." அவர் பேனாவை மூடினார். "நாட்டுல ஆள் கூடுறதுக்கு ஒரே வழிதான் பாக்கி. பிறக்கணும்."

"யாரு?"

"ரெண்டுல ஒருத்தர்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

"சட்டத்துல பிறப்புக்கு விளக்கம் இருக்கும்மா. 'இதற்கு முன் பதிவேட்டில் இல்லாத ஒருவர், ஒரு தாயின் உறுதிமொழியோடும் ஒரு மருத்துவரின் சான்றோடும் முதன்முறையாகப் பதிவேட்டில் இடம்பெறுதல்.' அவ்வளவுதான். வயிறைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை. இப்ப வள்ளியூர்க்காரர் பதிவேட்டுப்படி இல்லாதவர். இல்லாதவங்க பிறக்கலாம். என் மேஜையிலேயே மூணு பேர் பிறந்திருக்காங்க. ஒருத்தர் தலைமையாசிரியர்."

"பிறந்துட்டா எல்லாம் சரியாயிடுங்களா?"

"உடம்பு பிரிஞ்சுடும். ரேகை, முகம், ரத்தம், இதயம் எல்லாம் புதுசாப் பிறந்தவர் பேருக்குப் போயிடும். ஆஸ்பத்திரிக்கு மிச்சம் தெரியிறது மத்தவரோடது மட்டும்தான். ஆபரேஷன் நடக்கும். ஆனா..." அவர் கொஞ்சம் தயங்கினார். "நடந்தது பிரியாதும்மா. படிச்சது, வேலை பாத்தது, வீடு வாங்கினது, கல்யாணம் பண்ணினது எல்லாம் இருக்கிற பேர்லதான் இருக்கும். பிறந்த குழந்தைக்கு எதுவும் நடந்திருக்காது இல்லையா?"

வியாழக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

யார் பிறப்பது என்ற பேச்சு பொள்ளாச்சி வீட்டில் அதிக நேரம் நடக்கவில்லை. பொள்ளாச்சிக்காரர் பிறந்தால் அவருடைய திருமணம் வள்ளியூர்க்காரர் பெயரில் நின்றுவிடும். சுகந்தி அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. தவிர, பிறந்த குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர் வேறு. அவரிடம் ஆறு மாதத்துக்கு வரிசை. எல்லோரும் வள்ளியூர்க்காரரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து தோப்புப் பக்கம் போய்விட்டார்.

கௌசல்யா பின்னாலேயே போனாள். காலை வெயில் தென்னை ஓலை வழியாகக் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. அவர் உரித்துக் குவித்த மட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

"வயசு போறதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல மக்ளே," என்றார். தோப்பில் ஒரு காகம் எழுந்து பறந்தது. அவ்வளவு சத்தம். "கனகமணிய நினைச்சேன். பொறந்த பிள்ளைக்குப் பொண்டாட்டி கிடையாது. அப்போ அவ யாரு? எனக்கு யாரு?"

கௌசல்யா பக்கத்தில் ஒரு மட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குக் காது போனப்பொறவு இருபது வருசம் அவ என்கிட்ட கத்தியே பேசுனா. தெருவே கேக்கும். கடைசில ஆஸ்பத்திரியில கத்துறதுக்குத் தெம்பில்ல. வாய் மட்டும் அசைஞ்சுது. என்னவோ சொன்னா. எனக்கு வெளங்கல. நர்ஸுகிட்ட கேட்டேன், 'நான் கவனிக்கல ஐயா'ன்னுட்டா. அந்தத் தேதிக்குத்தான் வருசாவருசம் ஒங்களுக்கு அனுப்புதேன். எந்தப் பிள்ளையும் அப்படி நின்னுறக் கூடாதுன்னு."

பொள்ளாச்சிக்காரரும் அதே தேதியில்தான் அனுப்பியிருந்தார். ஏன் என்று கௌசல்யா அவரைக் கேட்டிருக்கிறாள். வரிவிலக்குக்கு அன்றுதான் கடைசி நாள் என்று ஆடிட்டர் சொன்னாராம்.

"நீங்க ஒரு கருவி வெச்சிருக்கலாமே?"

"அவ போன பொறவு யாரு பேசுறதக் கேக்கணும்?"

சுகந்தி எப்போது அங்கே வந்து நின்றார் என்று இருவரும் கவனிக்கவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஏனுங்கண்ணா, அந்தக்கா போட்டோ ஒண்ணு இருந்தாக் குடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு மொதப் பொண்டாட்டின்னு கவர்மெண்டே எழுதி வெச்சிருக்குது. ஒரு படம்கூட மாட்டாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

வள்ளியூர்க்காரர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். சுகந்தி அதையே இரண்டாம் முறை கத்திச் சொன்னார். வள்ளியூர்க்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தார். "பெருசு பண்ணிக்கிட்டுத் திருப்பித் தந்துரணும்," என்றார்.

அப்புறம் தாய் யார் என்ற கேள்வி வந்தது. சுகந்தி முடியாது, பதிவேட்டுப்படி அவரோடு ஏற்கெனவே உறவுச் சிக்கல். டாக்டர் எஸ்தர் முடியாது. அவர்தான் சான்று தர வேண்டிய மருத்துவர். இதற்கென்று காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஹபீபுல்லா குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆனால் அப்புறம் அந்தப் பெண்தான் சட்டப்படி அம்மா. பதினெட்டு வயது வரை அவள் சொல்கிற இடத்தில்தான் இவர் இருக்க வேண்டும்.

கௌசல்யாவுக்கு முப்பத்தாறு வயது. தனியாக இருந்தாள். கல்யாணம், குழந்தை என்று யாராவது எடுத்தாலே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறவள்.

"நான் போடறேன் சார்," என்றாள். "ஆம்னு அழுத்தினது என் விரல்தானே."

புதன்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு, ஆட்பதிவு அலுவலகத்தில், வள்ளியூர்த் தண்டபாணி பிறந்தார். வாசற்கதவு இரண்டு பேரை விடாது என்பதால் பொள்ளாச்சிக்காரர் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். ஹபீபுல்லா திரையைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பிரசவம்?"

"சுகப்பிரசவம்னு போடுங்க," என்றார் டாக்டர் எஸ்தர்.

"எடை?"

"எழுபத்தொரு கிலோ."

"ஏத்துக்க மாட்டேங்குது. ஒன்பதுக்கு மேல போகாது." ஹபீபுல்லா கொஞ்சம் யோசித்தார். "டன்னுல போடலாம். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு ஒண்ணு. ஆ, ஏத்துக்கிச்சு. நீளம் அஞ்சே முக்கால்னு போடறேன். அடியான்னு அது கேக்கலை. பேர்?"

பழைய பெயரையே வைத்தால் மறுபடி யாராவது ஒன்றாக்கிவிடுவார்கள். கௌசல்யா அவரைப் பார்த்தாள். எல்லா அம்மாக்களும் முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார்கள், அவள் யோசிக்கவில்லை.

"கனகமணி," என்றார் அவர்.

"அது பொம்பளப் பேராச்சே?"

"எங்கூர்ல ஆம்பளைக்கும் வைப்பாவ."

"கௌ. கனகமணி," என்று ஹபீபுல்லா எழுதினார். "கடைசிக் கேள்வி. இதுக்கு விடை இல்லாம அடுத்த பக்கம் போகாது. பிறந்தவுடன் குழந்தை அழுததா?"

டாக்டர் எஸ்தர் திரும்பிப் பார்த்தார். நாற்பது வயதில் காற்றாலை உச்சியில் ஏறி நின்று இடியைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்கிற அந்த மனிதர், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். அவருக்கே கேட்காத சத்தம் ஒன்று அவரிடமிருந்து வந்துகொண்டிருந்தது.

"அழுதது," என்றார் எஸ்தர். "நல்லா அழுதது. போடுங்க."

கௌசல்யா கையெழுத்துப் போட்டாள்.

அவள் படியிறங்கும் முன்பே ஈரோட்டிலிருந்து அவள் அம்மா கூப்பிட்டுவிட்டார்.

"ஏன்டி கௌசி, எனக்குப் பேரன் பொறந்திருக்கான்னு கவர்மெண்டு மெசேஜ் அனுப்பியிருக்குது! தாயும் சேயும் நலம்கிறாங்க! பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழா? என்னடி புள்ள அது, வெரலு தண்டி இருக்குமா?"

"டன்னுலம்மா."

அதற்கு அம்மா, "யாரு மாதிரி இருக்கான்?" என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. பொள்ளாச்சித் தண்டபாணி பிழைத்துக்கொண்டார். மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, "அவரு எங்கீங்க? கொழந்த எப்படி இருக்குது?" என்பதுதான். இரண்டு வாரத்தில் எழுந்து நடமாடத் தொடங்கியவர், கௌசல்யாவைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தார். வள்ளியூர் வீடு சட்டப்படி இப்போது அவருடையது. அதை கௌ. கனகமணி என்கிற மைனருக்குத் தானமாக எழுதி, கார்டியன் என்ற இடத்தில் கௌசல்யாவின் பெயரைப் போட்டிருந்தார்.

"பத்தரத்துல 'அன்பின் காரணமாக'ன்னு எழுதோணும்னாங்க. எழுதிட்டனுங்க," என்றார். முன்னறையில் வள்ளியூர்க்காரரின் மனைவி கனகமணியின் படம் பெரிதாக்கப்பட்டு, அன்று காலை தொடுத்த சரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

கௌசல்யா நினைத்துப் பார்க்காத சில சங்கதிகளும் நடந்தன. குழந்தை பிறந்த மறுநாள் அலுவலகக் கதவு அவளை உள்ளே விடவில்லை. ஒன்பது மாத மகப்பேறு விடுப்பு தானாகவே தொடங்கியிருந்தது. தடுப்பூசி போடுகிற நர்ஸ் வீட்டுக்கு வந்து, "குழந்தை எங்கம்மா?" என்று கேட்டு, குழந்தை "இங்கன இருக்கேன்!" என்று கத்தியதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். முப்பது நாளைக்குள் செய்ய வேண்டிய செவித்திறன் பரிசோதனையில் கனகமணி தோற்றார். சட்டப்படி கருவி பொருத்தியே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொல்லுகிற உரிமை குழந்தைக்குக் கிடையாது. டாக்டர் எஸ்தரே பொருத்திவிட்டார்.

"கேக்குதுங்களா?" என்றாள் கௌசல்யா.

அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். "நீ இவ்வளவு மெதுவாவா பேசுவ மக்ளே?" என்றார். தன் குரலும் காதில் விழுந்திருக்க வேண்டும். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "நான் இப்படியா கத்திக்கிட்டு இருந்தேன்? யாரும் சொல்லலியே." அன்றைக்கு முழுக்க ரகசியம் பேசுவதுபோலவே பேசினார்.

விடுப்பு இருந்ததால், ஐப்பசியில் ஒருநாள் அவரை வள்ளியூருக்குக் கூட்டிப் போனாள். ரயில் ஏற்றிக்கொண்டது, ஐந்து வயதுக்குட்பட்டவருக்குக் கட்டணம் இல்லை, ஆனால் தாயின் மடியில்தான் உட்கார வேண்டும் என்றது. பரிசோதகர் இருவரையும் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கை காலியாகத்தானே இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்குநேரி தாண்டியதும் கனகமணி ஜன்னலைத் திறந்து காதைக் கொடுத்தார். தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"இவ்வளவுதான் சத்தமா? இதுக்கா காதக் குடுத்தேன்?" என்றார்.

வீட்டு வாசலில் நின்றதும் கதவு கௌசல்யாவின் முகத்தைப் பார்த்துத் திறந்துகொண்டது. மூன்று மாதத் தூசி. அவர் நேராக உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்தார். கட்டிலைத் தட்டிவிட்டு, அதன் விளிம்பில் உட்கார்ந்து, வெறும் அறையைக் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். கௌசல்யா கேட்கவில்லை, அவராகச் சொன்னார்: "ஒண்ணும் இல்ல. சும்மா இருக்கு."

அடுத்த வீட்டுச் செல்லக்கிளி சுவருக்கு மேல் தலையை நீட்டினார். பழைய வழக்கப்படி அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"வந்துட்டியளாண்ணே! எங்கன போனியோன்னு தெருவே தேடுச்சு! யாரு இது, கூட வந்திருக்கிறது? சொந்தக்காரப் பிள்ளையா?"

"மெதுவாப் பேசு கிளி. இப்போக் கேக்கும் எனக்கு," என்றார் அவர். கௌசல்யா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். தன்னை என்னவென்று சொல்லப் போகிறார் என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆபீஸ்காரப் பிள்ளை என்று சொன்னால் போதும் என்று இருந்தது.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார்.

"எங்கம்மை," என்றார்.

செல்லக்கிளி சுவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் எம்பி, கௌசல்யாவை நெற்றியிலிருந்து பாதம் வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"அதான பாத்தேன்," என்றார். "மூக்கு அப்படியே உரிச்சு வச்சிருக்கு. காப்பி போடட்டுமா?"